கட்டை கட்டியவன் சொல்கிறேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு கூட்டுரோடு. பகல் பதினோரு மணி வெயிலில் துரியோதனன் வேஷத்தோடு நடுரோட்டில் நிற்கிறேன். தலையில் கிரீடம், இரண்டு தோளிலும் புஜக்கட்டை, நெஞ்சில் மார்ப்பதக்கம், இடுப்பைச் சுற்றி விரிந்த பாவாடை, காலில் சலங்கை, முகம் முழுக்கச் சிவப்பு. செருப்பு இல்லை. செருப்புப் போட்டுக் கூத்தாடுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. தார் இளகி உள்ளங்காலில் ஒட்டுகிறது.

நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். "எதுக்கு வாத்தியாரே இவ்ளோ சாமான்? தெருக்கூத்துன்னா ஆளுக்கு ஒரு ஜிப்பா போட்டுக்கிட்டு, ரோட்டுல வட்டமா நின்னு, தப்பு அடிச்சிக்கிட்டு, இருபது நிமிஷத்துல சொல்ல வேண்டியத சொல்லிட்டுப் போறதுதானே? குடிதண்ணியப் பத்தி நாலு வார்த்த சொல்லணும், அவ்ளோதான்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் மனதில் இருந்தது வீதி நாடகம். அந்த வருஷங்களில் புதுவைக் கிராமங்களில் அறிவொளி இயக்கம் நடந்தது. படித்த பிள்ளைகள் ஊர் ஊராக வந்து பாட்டுப் பாடினார்கள், தெருமுனையில் சின்னச் சின்ன நாடகம் போட்டார்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். நல்ல வேலை, என் அண்ணி கையெழுத்துப் போடக் கற்றது அதில்தான். அந்த நாடகத்தையும் ஜனங்கள் தெருக்கூத்து என்றே சொன்னார்கள். எங்களுக்கு வந்த கடிதத்திலும் 'தெருக்கூத்து, 10 மணி' என்று இருந்தது. எங்கள் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, நடத்திய வாத்தியார் அதை ராத்திரி 10 மணி என்று எடுத்துக்கொண்டார். கூத்துக்கு வேறு எந்தப் பத்து மணி உண்டு? விடியற்காலையில் ஆள் வந்து, காலை 10 மணி என்று சொன்னபோது, அவசர அவசரமாக அரிதாரம் குழைத்துப் பூசிக்கொண்டு ஓடினோம்.

துரியோதனன் சபைக்கு வருகிற வரவை மட்டும் முறையாக ஆடினாலே இருபது நிமிஷம் போதாது. வரவை நாலு அடியில் முடித்துவிட்டுக் குடிதண்ணீரைப் பற்றிப் பேசினேன். எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மா, நான் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கோணியைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து காலடியில் போட்டார். மிச்ச ஆட்டம் அந்தக் கோணிமேல்தான். இரண்டு காலும் கொப்புளம். பத்து நாள் சலங்கை கட்ட முடியவில்லை. திரௌபதியம்மன் திருவிழாக் காலத்தில் பத்து நாள் போனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் உலை வைக்க எதுவும் இருக்காது.

ஒரு சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்ததால் வந்த வினை அது. எங்கள் ஆட்டத்துக்கு என்ன பெயர் என்ற பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர்கள் பாடு என்று விலகிப் போக என்னால் முடியாததற்குக் காரணம் அந்தக் கொப்புளங்கள்.

நான் புதுவையின் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்தவன். பங்காரு வாய்க்காலில் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரியை நிரப்பும். நெல்லும் கரும்பும் விளையும் பக்கம். அப்பா கூலிக்காரர். அறுப்பு முடிந்த நிலத்தில், அம்மா மடியில் பாதித் தூக்கத்தில் கிடந்தபடிதான் முதல் கூத்தைப் பார்த்தேன். வீட்டிலேயே அதற்கு ஒரு பெயர் இருந்ததில்லை. அம்மா "நாடகம் பாக்கப் போறேன்" என்பார். அப்பாவுக்கு அது கூத்து. தாத்தா "அந்த ஊர்ல பாரதம் வெச்சிருக்காங்க" என்பார். அவருக்குப் பகலில் கோயிலில் பாரதப் பிரசங்கம் செய்கிறவரும் இரவில் நாங்கள் ஆடுவதும் ஒரே பாரதம்தான். பள்ளிக்கூடத்தில் தெருக்கூத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஜமாவில் சேர்ந்த பிறகு வாத்தியார் வாயில் இவற்றில் எதையும் அதிகம் கேட்டதில்லை. "இன்னிக்கி ஆட்டம் எங்க?" என்பார். "கட்ட யாரு கட்றது?" என்பார். தொழில் செய்கிறவனுக்குத் தொழிலின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை. நெசவாளி வீட்டில் 'நெசவு' என்ற சொல் எத்தனை தடவை வரும்?

14 வயதில் எனக்கு முதல் வேஷம், இரணியன் நாடகத்தில் பிரகலாதன். அப்புறம் பெண் வேஷம்: சுபத்திரை, கர்ணன் மனைவி பொன்னுருவி. ஆறு வருஷம் புடவை கட்டிய பிறகுதான் வாத்தியார் என் தோளை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டு, "தாங்குவான்" என்றார்.

கட்டை என்றதும் கோலாட்டக் கட்டையா என்று கேட்கிறவர்கள் உண்டு. குள்ளமானவர்கள் ஆடுவதா என்று ஒரு நிருபர் என்னிடமே கேட்டிருக்கிறார். கட்டை என்பது மரத்தில் செதுக்கிய அணிகள். கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள். கனமில்லாத மரம், அது இல்லாவிட்டால் ஒரு ராத்திரி முழுக்கச் சுமக்க முடியாது. கிரீடம், புஜக்கட்டை, கன்னக்கட்டை, மார்ப்பதக்கம் என்று ஒவ்வொன்றிலும் கண்ணாடிச் சில்லும் ஜிகினாக் காகிதமும் ஒட்டியிருக்கும். விளக்கு வெளிச்சம் பட்டால் ஆள் இரண்டு மடங்காகத் தெரிவான். ராஜாக்களும் வீரர்களும்தான் கட்டை கட்டுவார்கள்: துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன், இரணியன். திரௌபதிக்குக் கட்டை கிடையாது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்கும் கிடையாது.

கட்டுவதே தனி வேலை. முகத்துக்கு எண்ணெய் தடவி, அரிதாரம் பூசி, அதன்மேல் வேஷத்துக்கான நிறம். துரியோதனனுக்குச் சிவப்பு. முத்துவெள்ளையில் புருவத்தை ஒட்டிப் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்பில் பழைய துணியை மடித்துச் சுற்றி, அதன்மேல் பாவாடை, அதற்குமேல் இன்னொன்று. கடைசியில் புஜக்கட்டை. கயிறு தளர்ந்தால் குதிக்கும்போது கட்டை தாடையில் இடிக்கும். இறுகினால் நடுராத்திரியில் கை மரத்துப் போகும், கதாயுதத்தைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. சரியான முடிச்சு எது என்று எனக்குத் தெரிய மூன்று திருவிழாக் காலம் ஆனது. இப்போதும் என் தோளில் இரண்டு தழும்பு இருக்கிறது. சட்டை போட்டால் தெரியாது.

இதையெல்லாம் சுமந்துகொண்டு ஆட வேண்டும். கூத்து என்ற சொல்லுக்கே முதல் பொருள் ஆட்டம்தான். தில்லையில் ஆடுகிறவனைக் கூத்தபிரான் என்கிறோம். சிலப்பதிகாரத்தில் சாக்கைக் கூத்து வருகிறது, சோழர் கல்வெட்டுகளிலும் வருகிறது. எங்கள் ஆட்டத்தைப் பாட்டு, வசனம், கதை என்று எழுதுகிறவர்கள் காலைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கு அது வருத்தம். கிறிக்கி என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலை ஊன்றி உடம்பு முழுவதையும் சுழற்றுவது; நாலு, எட்டு, பதினாறு என்று மிருதங்கம் விடும்வரை சுழல வேண்டும். முதல் சுற்றில் பாவாடை எழும்பும். இரண்டாவதில் குடையாக விரியும். மூன்றாவதில் அந்தக் கனம் ஆளை வெளியே இழுக்கும். அந்த இடத்தில் எதிர்த்து நின்றால் விழுவாய், கூடப் போனாலும் விழுவாய். வாத்தியார் என்னைக் களத்துமேட்டில், இரண்டு தோளிலும் ஈரமணல் மூட்டை கட்டிவிட்டு, ஒரு மாசி மாதம் முழுக்கச் சுழல வைத்தார். "காலப் பாக்காதடா. எதிர்ல பெட்ரோமாக்ஸு இருக்குதா? ஒவ்வொரு சுத்துலயும் அதக் கண்ணால புடி. புடிச்சா பூமி நிக்கும்" என்பார். முதல் வாரம் வாந்தி. மூன்றாவது வாரம் பூமி நின்றது.

வரவு ஆட்டம் திரைக்குப் பின்னால் தொடங்கும். களரி கட்டுவது என்று, மேளக்காரர்கள் முதலில் அரை மணிக்கும் மேலாக வாசிப்பார்கள். அது பக்கத்து ஊர்வரை கேட்கும். சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். முகவீணை ஒரு இழுப்பு இழுக்கும். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து விருத்தம் பாடுவேன். அப்போது சனத்துக்குத் தெரிவது திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும். நடுவில் இருக்கிற ஆளை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். திரை விலகியதும் நான் அவர்கள் கற்பனைக்குக் குறையாதவனாக இருக்க வேண்டும். நாற்பது வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் அதுதான்.

பெயருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் எதற்குத்தான் ஒரே பெயர் இருக்கிறது? எங்கள் கொம்யூன்களின் வரைபடத்தைப் பார்த்தால் கிழிந்த துணி போல இருக்கும். ஒரு ஊர் புதுவை, வாய்க்கால் தாண்டினால் தமிழ்நாடு, அடுத்த வாய்க்கால் தாண்டினால் மறுபடி புதுவை. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் பங்கு போட்டதில் மிஞ்சிய எல்லை அது. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி இணைந்தது 1962இல். பாண்டிச்சேரி என்று காகிதத்தில் இருந்தது 2006இல் புதுச்சேரி ஆனது. பாண்டி, புதுவை, புதுச்சேரி மூன்றும் ஒரே பேருந்தின் பலகையில் எழுதியிருக்கும், யாரும் தவறாக ஏறுவதில்லை. ஆட்டத்தின் பெயரில்தான் தவறாக ஏறிவிடுகிறார்கள்.

ஜமா எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. செஞ்சிப் பக்கமிருந்து வருகிற சங்கராபரணி ஆறு வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. திரௌபதியம்மனும் செஞ்சிப் பக்கத்து மேலச்சேரியிலிருந்துதான் வந்தாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றோடு அம்மனும் அம்மனோடு கூத்தும் இறங்கியதாகவே நான் நினைத்துக்கொள்கிறேன். விழுப்புரம், கடலூர், எங்கள் புதுவைக் கிராமங்களில் ஆடுவதைத் தெற்கத்தி என்பார்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்தை வடக்கத்தி என்பார்கள். மெட்டில், அடவில், கட்டையின் உருவத்தில் வேறுபாடு உண்டு. பழகிய கண்ணுக்கு வரவின் முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

பெயர்ச் சண்டையைப் பெரிதாக எழுப்பியவர்கள் வடக்கத்திக்காரர்கள். பெருங்கட்டூர் ராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர், தானே வேஷம் கட்டி ஆடியவர். அவரும் நெதர்லாந்திலிருந்து வந்து இந்தக் கலையை ஆராய்ந்த அவர் மனைவி ஹன்னே டி ப்ரூன் அம்மாவும் சேர்ந்து, 1990இல் காஞ்சிபுரத்தில் கலைஞர்களுக்காகக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் பிள்ளைகளுக்குக் குருகுலம் வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் கட்டை கட்டி ஆடக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்கள் சொல்வது இது: சாமி ஊர்வலத்தோடு வேஷக்காரர்கள் தெருவில் நடந்தபடி ஆடுவதுதான் தெருக்கூத்து, ஒரு களத்தில் நின்று விடியவிடியக் கதை நடத்துவது கட்டைக்கூத்து. இரண்டையும் சேர்த்துத் தெருக்கூத்து என்று போட்டது வெளியார். 'தெரு' என்ற சொல்லால் இது தரை மட்டத்துக் கலை என்ற எண்ணமும் வந்துவிட்டது.

புரிசைக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் தெருக்கூத்து என்ற பெயரோடுதான் சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கினார். நாடகாசிரியர் ந. முத்துசாமி புரிசைக்காரர்களின் ஆட்டத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். அவர் 1977இல் சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவுக்குக் கூத்துப்பட்டறை என்றே பெயர் வைத்தார். புரிசை ஜமா அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு மேடைகளுக்கும் போய் வந்தது. தெரு என்றால் கேவலமா, சாமி வருவதே தெருவில்தானே என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டு பக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் என் காலும் தோளும் அறிந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பாரதத் திருவிழாவில் தெருவும் உண்டு, களமும் உண்டு. பகாசுரன் சண்டை அன்று பீமன் வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறு வாங்கித் தின்றுகொண்டே போவான், பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். பதினெட்டாம் போர் முடிகிற காலையில், ராத்திரி முழுக்க ஆடிய வேஷத்தோடு நானும் பீமனும் படுகளத்துக்கு ஓடுவோம். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் பனைமர நீளத்துக்குப் படுத்திருப்பான். அந்த மண்ணுடம்பின்மேல் நான் ஏறி ஓட, பீமன் துரத்தித் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிப்பாள், சாயங்காலம் தீமிதி. முதல்நாள் இரவு 10 மணிக்குக் களத்தில் தொடங்கியது மறுநாள் காலையில் தெருவைத் தாண்டிப் படுகளத்தில் முடிகிறது. எங்கே தெருக்கூத்து நின்றது, எங்கே கட்டைக்கூத்து தொடங்கியது என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. சலங்கையை நான் நடுவில் அவிழ்க்கவே இல்லை.

வாத்தியாரிடம் ஒருமுறை கேட்டேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "அவங்க ஊர்ல அவங்க சொல்றது சரி. நம்ம ஊர்ல கூத்து. அது போதாதா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் எங்களோடு நிற்கவில்லை என்பதை ஒரு அமெரிக்கரால் தெரிந்துகொண்டேன். ஆரோவில்லில் தங்கியிருந்தவர், கர்ண மோட்சம் பார்க்க வந்து, விடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிறிக்கியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அவரும் ஆடுகிறவர். அவர் ஆடுவது ஸ்விங் வகை ஆட்டம். கூட வந்த பையன் தமிழில் சொன்னான். நியூயார்க்கில் ஹார்லெம் என்று கறுப்பின மக்கள் வாழும் பகுதி. அங்கே 1926இல் சவாய் என்ற ஆட்டக்கூடம் திறந்தார்கள். அங்கே வளர்ந்த ஆட்டத்துக்கு லிண்டி ஹாப் என்று பெயர். 1927இல் லிண்ட்பெர்க் என்பவர் அட்லாண்டிக் கடலை விமானத்தில் தனியாகக் கடந்தார், அவர் பெயரிலிருந்து வந்தது என்று கதை சொல்கிறார்கள். பறந்தவருக்கும் ஆடியவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு அதையே ஜிட்டர்பக் என்றார்கள். போட்டி மேடைக்காக அதைச் சீர் செய்து ஜைவ் என்றார்கள். இன்றைக்கும் நான் ஆடுவது எது, நீ ஆடுவது எது என்று அந்த ஊரில் வாதம் நடக்கிறதாம்.

அவர் சொன்னதில் ஒருவர் கதை என் நெஞ்சில் நின்றுவிட்டது. ஃபிராங்கி மேனிங் என்பவர், சவாயில் ஆடியவர்களில் தலைசிறந்தவர். ஜோடியைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றி இறக்குகிற வித்தையை முதலில் செய்தவர். காலம் மாறி ஆட்டம் ஓய்ந்ததும் தபால் துறையில் வேலைக்குப் போய்விட்டார். 30 வருஷம் கடிதம் பிரித்தார். எண்பதுகளில் இளைஞர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அதன் பிறகு சாகும்வரை ஊர் ஊராகக் கற்றுக் கொடுத்தார், 2009இல் இறந்தார். எங்கள் ஜமாவில் முகவீணை வாசித்தவர் வருஷத்தில் ஏழு மாதம் கரும்பு வெட்டினார். அவரைத் தேடி யாரும் வரவில்லை. அவரோடு அந்த முகவீணையும் போனது. இப்போது ஆர்மோனியத்தை வைத்துச் சமாளிக்கிறோம்.

ஆடுகிறவர்களைக் கேட்காமல் பெயர் வைப்பது எங்கள் பக்கத்திலேயே பழைய கதை. பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர், அதை ஒட்டித் திருவந்திபுரம். 1838இல் அங்கிருந்து ஆடும் பெண்களையும் வாத்தியக்காரர்களையும் பாரிஸ் நகரத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைச் சிலையாகவே வடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்குச் சொன்ன பெயர் பயதேர். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். ஆடுகிறவள் என்று பொருள். ஊரில் அவர்கள் தேவரடியார், ஆடியது சதிர். நூறு வருஷம் கழித்து, 1932 வாக்கில், சென்னையில் ஈ. கிருஷ்ணய்யர் போன்றவர்கள் சதிருக்குப் பரதநாட்டியம் என்று பெயர் சொன்னார்கள். ஆட்டத்துக்கு மதிப்பு வந்தது. அதைப் பரம்பரையாக ஆடிய பெண்களில் பெரும்பாலோருக்கு மேடை வரவில்லை. பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அம்மா சொன்ன 'நாடகம்' என்ற பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது எங்கள் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவர் வழியில் வந்தது மேடை நாடகம்: திரைச்சீலையில் அரண்மனை வரைந்திருக்கும், பட்டும் சரிகையும் கட்டி வருவார்கள், வள்ளி திருமணம், பவளக்கொடி. அதற்குக் கட்டை இல்லை, கிறிக்கி இல்லை. அந்த நாடகத்துக்குச் சமூகத்தில் கிடைத்த மரியாதை கூத்துக்குக் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் ஜனங்களே நாடகம் என்று சொல்லி மரியாதை கூட்டிக்கொண்டார்கள். சில ஜமாக்கள் 'நாடக மன்றம்' என்றுதான் பதிவு செய்திருக்கின்றன. எங்கள் வாத்தியாரும் அப்படித்தான் பலகை எழுதினார். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் கூத்தாடி என்ற வசவை நான் வாங்கியிருக்கிறேன். என் மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள், வாசலில் காயப்போட்டிருந்த பாவாடையையும் திண்ணையில் இருந்த கிரீடத்தையும் பார்த்துவிட்டு, "கூத்தாடி வூடா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபியைக் குடிக்காமல் எழுந்தார்கள். என் மனைவி அன்று ராத்திரி அந்தக் கிரீடத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். மகள் எடுத்து இறக்கினாள். "இது மேலயே இருந்தா பூச்சி அரிச்சிடும்பா" என்றாள், அவ்வளவுதான். இன்றைக்கு அவள் மகன் என்னிடம் அடவு கற்கிறான். பள்ளியில் அவன் தமிழ் ஆசிரியை, தாத்தா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "எங்க தாத்தா துரியோதனன்" என்று சொல்லியிருக்கிறான். எனக்கு அந்தப் பெயர் போதும்.

ஆனாலும் பிறருக்குப் போதாது என்பதால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்டத்தின் பெயர் கூத்து. ஆடுகிறவர், பார்க்கிறவர், வடக்கத்தி, தெற்கத்தி எல்லோர் வாயிலும் வருவது அந்த ஒரு சொல்தான். தெருமுனையில் ஜிப்பா போட்டு நடத்துவதற்கு வீதி நாடகம் என்று நல்ல பெயர் இருக்கிறது; அதை அவர்களுக்கே விட்டுவிடலாம். முன்னால் ஒரு அடைமொழி வேண்டுமென்றால், அந்த ஜமாவின் வாத்தியாரைக் கேட்டு எழுதுங்கள். காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்து என்பார், புரிசையில் தெருக்கூத்து என்பார், எங்கள் ஊரில் பாரதக்கூத்து என்பார். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அரசு விண்ணப்பத்தில் 'கலையின் பெயர்' என்ற கட்டத்தில் 'தெருக்கூத்து' என்று முன்பே அச்சடித்து வைத்திருந்தால், அதற்குப் பக்கத்தில் நானாக எழுதுவதற்கு இரண்டு அங்குல இடம் விடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

கோயில் தர்மகர்த்தாக்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர் இருக்கும், வாணவேடிக்கைக்காரர் பெயர் இருக்கும், ஒலி ஒளி அமைத்தவர் கைப்பேசி எண்கூட இருக்கும். எங்களுக்கு ஒரு வரி: 'இரவு தெருக்கூத்து நடைபெறும்'. மிருதங்கக்காரர் யார், திரௌபதி யார், கட்டியக்காரன் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் மட்டும் இருக்காது. எங்கள் வாத்தியார் 50 வருஷத்துக்கும் மேலாக ஆடினார். அவர் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு முறை, கருமாதிப் பத்திரிகையில்.

அடுத்த பங்குனியில் நோட்டீஸ் அடிக்கும்போது கூத்து என்று போடுங்கள். இன்றைக்கு எந்தக் கதை என்று போடுங்கள். வாத்தியார் பெயரையும் வேஷம் கட்டுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் பெயரையும் ஒன்றுவிடாமல் போடுங்கள். இரவு 10 மணி என்பதில் 'இரவு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே, விடியும்வரை என்றும் போடுங்கள்.